மாடிவீட்டுச் சத்தம்

– போட்டுட்டா! மேரி, நம்ம ஜாஸ்மின் போட்டுட்டா!

– எங்கங்க? போன்ல இன்னும் அந்த கொச்சிப் பொண்ணு கையிலதான பந்து இருக்கு?

– மேல கேக்கல? ஹஃபீசா வூட்ல இன்னா கூச்சல்! அவங்க டிவி முன்னால ஓடுது, நம்ம போனு பின்னால வருது. இரு... இதோ, புடுங்கினு ஓடுறா பாரு. பூந்துச்சா?

– பூந்துச்சு. நான் பெத்த பொண்ணு போடுற பந்த, மாடியில இருக்கறவங்க பாத்தப்புறம்தான் நான் பாக்கணும். காலையில படியில ஹஃபீசாகிட்டயே சொன்னேன். சிரிச்சா.

– அதான் மேல வந்து பாருங்கன்னு கூப்டாங்களே. நீதான வரமாட்டேன்ன.

– நாலு பேர் முன்னால அழுது வைப்பேன். ஸ்கோர் என்ன?

– எழுபத்திரெண்டு, எழுபத்திரெண்டு. ஆறு மேட்ச்ல ஆளுக்கு மூணு, இந்தக் கடைசி மேட்ச்சும் சமம். ஜெயிச்சா கப்பு. எத்தினி வருசமா பாஸ்கெட்பால் பாக்குறேன், இப்பிடி ஒரு ஃபைனலு பாத்ததில்ல.

– அந்த கொச்சி கேப்டனும் பாவங்க, எப்பிடி ஓடுறா! போன மேட்ச்ல நம்ம பொண்ணு கணுக்கால் பிசகி விழுந்தப்ப, மொதல்ல ஓடியாந்து தூக்கினது அவதான்.

– அவளுக்கு ஒரு கும்பிடு போடணும்.

– மேல யாரையோ திட்டுறாங்களே?

– ஏய், ஏய்! தள்ளிட்டாங்க மேரி!

– ஏசப்பா! எழுந்திரிச்சாளா?

– எழுந்துட்டா. ரெஃப்ரி ஃபவுல் குட்த்துட்டாரு. டைமும் முடிஞ்சுது. ரெண்டு சான்ஸு. யாரும் குறுக்க வரக் கூடாது, நின்னு போடலாம். ஒண்ணு பூந்தாலும் கப்பு நம்மள்து.

– ரெண்டும் போகலன்னா?

– இன்னும் அஞ்சு நிமிசம் ஆடணும்.

– அந்தக் காலோடயா? நொண்டுறாங்க அவ.

– தெரியுது. பேசாத, பாரு.

– மேல சத்தமே காணோம்.

– ப்ச்! வளையத்துல பட்டு வெளிய வந்துடுச்சு.

– சத்தம் வரலன்னதும் நெனச்சேன்.

– இன்னொண்ணு கீது. அவ கையப் பாரேன், இடுப்புல தொடைக்கிறா. பாத்திரம் கழுவிட்டு நீ தொடைப்பியே, அதே மாதிரி.

– அவ்ளோ பேர் ஊளை விடுறாங்க, எவ்ளோ நிதானமா நிக்கிறா! தாம்பரம் ரயில்வே கிரவுண்டுல பந்து தொரத்துன கால்ங்க அது. நம்ம வீட்ல பொறந்தவளா இவ?

– தூக்கிட்டா... வுட்டுட்டா... அட பேஜாரே!

– என்னங்க?

– போனு சுத்துது. பந்து அந்தரத்துல நிக்குது.

– மேல ஏதாவது கேக்குதா?

– இல்ல.

– போச்சுங்க.

– இரு மேரி.

– மொத பந்துக்கும் இப்பிடித்தான், ஒரு சத்தமில்ல. இனி அந்தக் காலோட எப்பிடி ஓடுவா எம்பொண்ணு?

– யாரோ படியெறங்கி வராங்க.

– ஆறுதல் சொல்லத்தான். தொறக்காதீங்க, என்னால முடியாது.

– தட்டுறாங்களே. தொறக்கலன்னா நல்லாவா இருக்கும்? ...வாம்மா ஹஃபீசா.

– அண்ணா, அக்கா பாத்தாச்சா? மொதல்ல அவங்க பாக்கட்டும்னு வூட்ல எல்லாரும் வாயப் பொத்திக்கினு நிக்கிறோம். இப்ப கத்தலாமா?