சிவப்பு ரிப்பனுக்கு உரியவர்

நேற்று மாலை இந்தத் திடலில் ஒரு திருட்டு நடந்தது. திருடியவர்கள் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். ஆகவே என் முதல் வணக்கம் அவர்களுக்கு.

ஆல்டர்பரோ வேளாண் சங்கத்தின் தலைவரும் ஆப்பிள் தோட்ட முதலாளியுமான கார்னெட் லம்லி அவர்களே. அவர் தலையசைத்தால் தாங்களும் அசைக்கும் செயற்குழுப் பெருமக்களே. பக்கத்து வட்டாரத்திலிருந்து வந்து நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னதால் இன்று அழைக்கப்படாத நடுவர் இர்மா யோஸ்ட் அம்மையாரின் காலி நாற்காலியே. வைக்கோல் கட்டுகளின் மேல் அமர்ந்திருக்கும் பெரியோர்களே. அடுத்தவர் பெயர் எழுதிய தட்டுகளை ஆண்டாண்டாக நிரப்பிவரும் தாய்மார்களே. தோட்ட வேலைக்கு வந்து, வேலியோரம் நிற்கும் ஜமைக்காத் தோழர்களே: உங்கள் அனைவருக்கும் மரியெட் டெக்கரின் வணக்கம்.

போன ஆண்டு என் தலையில் ஒரு தகர மகுடத்தை வைத்து, என்னைப் பொருட்காட்சித் தூதர் என்றீர்கள். இன்று அதைக் கழற்றிக் கொடுக்கும் முன், பொருட்காட்சியின் வரலாற்றையும் சிறப்புகளையும் எடுத்துரைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். உரைக்கிறேன்.

சிறப்புகளுக்கா பஞ்சம்? ஓடுகிற கார்களைச் சேற்றில் மோதவிட்டு, ஓடாத கார்களாக்கிக் கைதட்டுகிறோம். உருளைக்கிழங்குக்கு நாலு குச்சிக் கால் செருகி அதைப் பன்றி என்கிறோம். கிரேன் வைத்துத் தூக்கும் அளவுக்குப் பூசணிக்காய் வளர்க்கிறோம்; அதை மாடுகூட முகர்ந்துவிட்டுப் போகிறது. இவற்றுக்கெல்லாம் மணிமுடி வைத்தாற்போல, மாவுக்குள் ஆப்பிளைப் பொதிந்து ஆண்கள் மட்டுமே சுடும் ஆப்பிள் பை போட்டி. அங்கே யார் சிரிப்பது? சிரியுங்கள், நேற்றும் சிரித்தீர்கள்.

அந்தப் போட்டிக்கு விதிகள் இரண்டு. போட்டியாளர் தம் கையாலேயே சுட வேண்டும். போட்டியாளர் இந்த ஊரில் குடியிருக்க வேண்டும். பெயர்ச் சீட்டை மடித்துத் தட்டுக்கு அடியில் வைப்பார்கள். சுட்டவர் யாரென்று தெரியாமலே நடுவர் ருசிப்பார். நல்ல ஏற்பாடு. சீட்டைப் பிரிக்கும் வரை நாம் எல்லோரும் நியாயவான்கள்தான்.

நேற்று இர்மா அம்மையார் வரிசையாக ருசித்துக்கொண்டே வந்தார். ஒரு தட்டில் ஒரு வாய் எடுத்தார். நகர்ந்தார். திரும்பி வந்து இன்னொரு வாய் எடுத்தார். முதல் பரிசு இதற்குத்தான் என்று சொல்லிச் சீட்டைப் பிரித்து, அதில் சிவப்பு ரிப்பனைக் குத்தினார். லின்வல் பாஸ்கோ. கார்னெட் லம்லியின் தோட்டத்தில் ஏப்ரல் தொடங்கி நவம்பர் வரை ஆப்பிள் வேலை செய்கிறவர். இரண்டாம் பரிசு யாருக்கு? சாட்சாத் கார்னெட் லம்லிக்கு.

லின்வல் போட்டி மண்டபத்தின் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "அது நான்தாம்மா. ரிப்பன் கெடக்கட்டும், மொதல்ல அந்தத் தட்டக் குடுங்க. தோட்டத்துல எங்க விடுதில உருப்படியா இருக்கறது அது ஒண்ணுதான்."

மண்டபமே சிரித்தது. தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "விதின்னு ஒண்ணு இருக்கேப்பா. போட்டி ஊர்ல குடியிருக்கறவங்களுக்குத்தான்" என்றார்.

"முதலாளி, வருஷத்துல எட்டு மாசம் நான் உங்க தோட்டத்துலதான் படுத்து எந்திரிக்கிறேன். பனி விழுந்ததும் நான் ஜமைக்கா போறேன், நீங்க ஃப்ளோரிடா போறீங்க. நம்ம ரெண்டு பேருல யாரு அதிகமா இங்க குடியிருக்கறது?"

செயற்குழுப் பெருமக்கள் எழுந்தார்கள். ரிப்பனைப் பிடுங்கித் தலைவரின் சீட்டில் குத்தினார்கள். லின்வலின் சீட்டில் ஊசி குத்திய துளை மட்டும் மிஞ்சியது.

கதை அங்கே முடிந்திருந்தால் அநியாயம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லையே. புறப்படும் முன் நடுவர், மரியாதைக்காகத் தலைவரிடம் கேட்டார்: "மேல்மாவு நல்லா பொரபொரன்னு வந்திருக்கு. வெண்ணெய் போட்டீங்களா, பன்றிக் கொழுப்பா?"

தலைவர் திரும்பித் தம் மனைவியைப் பார்த்தார். "டோரீன், நான் என்ன போட்டேன்?"

தோழர்களே, நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். டோரீன் அம்மா சிரிக்கவில்லை. "ரெண்டும் பாதிப் பாதி போட்டீங்க" என்று சொல்லிவிட்டு மேசையைத் துடைக்கப் போனார். தம் கையால் சுட வேண்டும் என்ற விதி அப்போது எந்தத் தூக்கத்தில் இருந்தது? இருப்பதே இரண்டு விதி. ஒன்று லின்வலைக் கண்டால் குரைக்கிறது. மற்றொன்று லம்லியைக் கண்டால் வாலாட்டுகிறது.

பின்னாலிருந்து ஒருவர் "வரலாறு எங்கம்மா?" என்கிறார். வருகிறேன் ஐயா, வாசலிலிருந்தே வருகிறேன். நீங்கள் நுழைந்த வாசலில் ஒரு கல் இருக்கிறது. முதல் பொருட்காட்சியில் முதல் பரிசு வாங்கியவரின் பெயர் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. ஏபல் லம்லி, டர்னிப் கிழங்குக்காக. நம் தலைவரின் முப்பாட்டனார். அந்த வசந்தத்தில்தான் கப்பலிலிருந்து இறங்கியவர். வீடில்லை, பட்டாவில்லை, படுத்தது கித்தான் கூடாரத்தில். அந்தக் கல்லிலேயே அதையும் பெருமையாகப் பொறித்திருக்கிறீர்கள். அன்றைக்கு அவரிடம் யாராவது "நீ எந்த ஊர்?" என்று கேட்டார்களா? கிழங்கைப் பார்த்தார்கள். கையைப் பார்த்தார்கள். கொடுத்தார்கள். கூடாரத்தில் படுத்தவருக்குக் கல். விடுதியில் படுப்பவருக்கு மூடிய கதவா?

இதைப் பேசட்டுமா என்று இன்று காலை லின்வலிடம் கேட்டேன். அடுத்த வசந்தத்தில் அவரைத் திரும்ப அழைப்பதும் அழைக்காததும் இந்தத் தலைவரின் கையில் இருக்கிறது. அவருக்கு அது தெரியாதா? ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்த ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார்: "பேசு மரியெட். என் பேர மட்டும் ஒழுங்காச் சொல்லு. அந்தாளு இத்தன வருஷமா லின்டன்னுதான் கூப்பிடறாரு."

லின்வல் பாஸ்கோ. மறுபடியும் சொல்கிறேன், லின்வல் பாஸ்கோ. அவருக்கு அடுத்த ஆண்டு அழைப்பு வராமல் போனால், காரணம் என்னவென்று இந்தத் திடலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அதற்காகவும்தான் ஒலிபெருக்கியில் சொல்கிறேன்.

இவ்வளவு நேரம் பொறுத்துக்கொண்ட பெரியோர்களுக்கும், ஒலிபெருக்கியை இன்னும் அணைக்காத தம்பிக்கும் நன்றி. மாவு பிசைந்த ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம். மகுடத்தை இதோ மேசைமேல் வைத்துவிட்டேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பேண்டு வாத்தியக்காரர்களே, பொறுங்கள், இன்னும் வாசிக்க வேண்டாம்.

கார்னெட் லம்லி அவர்களே, அந்தச் சிவப்பு ரிப்பன் உங்கள் கோட்டில் இருக்கிறது. எழுந்திருங்கள். அதைக் கழற்றுங்கள். வேலி வரைக்கும் நடந்துபோய் உரியவர் கையில் கொடுங்கள். அது முடியாதென்றால், இந்த ஒலிபெருக்கியின் முன் வந்து ஊரறிய ஒன்றை மட்டும் சொல்லுங்கள். டோரீன் அம்மாவின் பக்கம் திரும்பாமல் சொல்லுங்கள்.

உங்கள் தட்டிலிருந்த மாவைப் பிசைந்தது யார்?