ஞாயிற்றுக்கிழமைக் கூப்பன்

பேப்பரில் வருகிற தள்ளுபடிக் கூப்பன்களைப் பொருள் வாரியாக அடுக்குவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு, மேடம். சோப்பு ஒரு உறையில், சீஸ் ஒரு உறையில் என்று வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் முன்னும் பின்னும் அலைந்தே பாதிப் பொழுது போய்விடும். நாம் கடையில் நடக்கிற வழிப்படி அடுக்க வேண்டும். நுழைந்ததும் காய்கறியா, முதல் உறை காய்கறி. கடைசியில் ஐஸ்கிரீமா, கடைசி உறை ஐஸ்கிரீம். தேதி முடியப்போவது எப்போதும் முன்னால். எங்கள் ஊர் டொலீடோ நூலகத்தில் இதை நான் வகுப்பாகவே எடுத்திருக்கிறேன். நாற்காலி போதாமல் பெண்கள் சுவரோரம் நின்று கேட்பார்கள்.

என் கணவர் ஆர்வில் வேலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையை மூடிய வருடம்தான் இதைத் தொடங்கினேன். அப்போது வயிற்றுப்பாட்டுக்கு. பிறகு அவருக்கு ஓய்வூதியம் ஒழுங்காக வர ஆரம்பித்தது. வீட்டுக் கடனும் அடைந்தது. ஆனால் வண்டி நிறையச் சாமான் வாங்கிவிட்டு, பில்லில் கடைசி வரியைப் பார்த்துக் கல்லாவில் இருக்கும் பெண் வாயைப் பிளப்பதை ஒருமுறை பார்த்துவிட்டால் யாராலும் விட முடியாது. நிலவறை முழுக்க அலமாரி அடித்துக் கொடுத்தது ஆர்வில்தான். பற்பசையும் கடுகு சாஸும் கூரை வரைக்கும் நின்றன.

"ஏன் மார்லிஸ், உலகம் அழிஞ்சா நாம ரெண்டு பேரும் பல்லு விளக்கிக்கிட்டே உக்காந்திருக்கலாம் போல" என்பார். கிண்டல்தான். கோபப்படத் தெரியாத மனிதர்.

அவருக்கு இதயத்தில் கோளாறு வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. எங்கள் பக்கம் பெரிய மளிகைக் கடைகளுக்குள்ளேயே மருந்துக் கடையும் இருக்கும். வேறு கடையில் இருக்கும் மருந்துச் சீட்டைத் தங்கள் கடைக்கு மாற்றினால் இருபத்தைந்து டாலருக்கு மளிகை இலவசம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் அவ்வப்போது கூப்பன் வரும். ஆர்விலின் சீட்டை மூன்று கடைகளுக்குள் சுற்றவிட்டேன். சட்டப்படி அதில் தவறே இல்லை.

ஒரே ஒரு சங்கடம். மாத்திரை தீர்கிற நாளும் கூப்பன் வருகிற நாளும் ஒத்துப்போகாது. கூப்பன் வரும்வரை இழுக்க, முதல் தடவை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த தடவை கால் மாத்திரை. அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மருந்துக் கடைப் பெண் இவெட் போனில் கூப்பிட்டாள்.

"மிஸஸ் கெஸ்லர், மாத்திரை வாங்க நாள் தாண்டிடுச்சே. இதை நடுவுல நிறுத்தவே கூடாது. ரத்தக்கட்டி மூளைக்குப் போயிட்டா அவ்வளவுதான்."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். அவளுக்கு மருந்து விற்பது வேலை. அப்படித்தான் பேசுவாள் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, நினைத்துக்கொள்ள முயன்றேன். உண்மையைச் சொல்வதாகக் கையை உயர்த்தியிருக்கிறேன் அல்லவா?

இந்த இலையுதிர்காலத்தில் கூப்பன் வரவே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் பேப்பரை உதறிப் பார்ப்பேன். நாய்த்தீனி விளம்பரம்தான் விழும். நிலவறையில் இலவசமாக வந்த வைட்டமின் மாத்திரை நிறைய இருந்தது. அதைப் பழைய மருந்துக் குப்பியில் போட்டு வைத்தேன்.

"இன்னைக்கு இது ஆரஞ்சு வாசம் அடிக்குதே?" என்றார்.

"கம்பெனி மாத்திட்டாங்க. பேசாம முழுங்கு, ஆர்வில்."

"நல்லாத்தான் இருக்கு. நாளைக்கு ரெண்டா குடு."

நான் கொடுத்ததால் நம்பினார். மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்தார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்போம் என்றேன். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் கேட்கவில்லை.

அந்த ஞாயிறு பேப்பரில் கூப்பன் இருந்தது. அன்று மட்டும் செல்லுபடி. சமையலறை மேசையில் வைத்து அதை வெட்டிக்கொண்டிருந்தபோது ஆர்வில் காப்பிக் கோப்பையோடு கீழே விழுந்தார். வலது கை அசையவில்லை. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கவாதம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் அப்பாவை அப்படிப் பார்த்திருக்கிறேன்.

இங்கே நீங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இறந்தவர் பெயரில் மருந்துச் சீட்டை மாற்ற முடியாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் நானும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அன்று முழுக்க அங்கேதான் இருக்க வேண்டியிருக்கும். அவர் தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். சிந்திய காப்பியைத் துடைத்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"ஆர்வில் எப்படி இருக்கார்?" என்று கேட்டாள் இவெட். சுற்றில் அந்தத் தடவை அவள் வேலை பார்க்கும் கடைதான்.

"படுத்திருக்கார்" என்றேன். பொய் சொல்லவில்லை.

மருந்து கைக்கு வரும்வரை மற்ற சாமான்களை எடுத்துவிட்டேன். ஒரு இடத்தில்கூடத் திரும்பி நடக்கவில்லை. அன்று நான் கொடுத்தது விற்பனை வரி மட்டும்தான். கல்லாப் பெண் பக்கத்துக் கல்லாவில் இருந்தவளைக் கூப்பிட்டுப் பில்லைக் காட்டினாள். வீட்டுக்கு வந்தபோது ஆர்வில் அசையவில்லை; கன்னம் சில்லிட்டிருந்தது. ஐஸ்கிரீம் உருகத் தொடங்கியிருந்ததால் முதலில் அதை உள்ளே வைத்தேன். பிறகுதான் உங்களைக் கூப்பிட்டேன்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். மாத்திரையை மாற்றியது நான்தான். உயிரோடிருக்கும்போதே விட்டுப்போனதும், உடனே கூப்பிட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்று தெரிந்தே போனதும் நான்தான். எதையும் மறுக்கவில்லை. ஒரே ஒரு வரியைத் திருத்த வேண்டும்.

நான் கோட்டை மாட்டும்போது அவர் "போ... போ..." என்று ஏதோ சொன்னதாக நேற்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் அதை 'போன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் பார்வை போன் மாட்டியிருந்த சுவர்ப் பக்கம் இருந்தது உண்மைதான். வாசலும் அந்தப் பக்கம்தான், மேடம். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவள் நான். அவர் மனசு எனக்குத் தெரியாதா? கூப்பன் வீணாகிவிடும், போயிட்டு வா என்றுதான் சொன்னார். அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.