எத்திராஜ் மாமாவின் மூன்று கம்பிகள்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்களுக்கு உயரம் அதிகம், மேடம். குதிகால் தரையில் படவில்லை. சாயங்காலத்துக்குள் கால் மரத்துப்போகும். இந்த ஸ்டேஷனின் பழைய கேஸ் ரிஜிஸ்டர் இரண்டைக் காலுக்கு அடியில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும். தப்பாக நினைக்க வேண்டாம். இதையெல்லாம் பார்ப்பதுதான் நான் படித்த படிப்பு.

இண்டஸ்ட்ரியல் டிசைன் என்றால் எங்கள் திருவொற்றியூர் குப்பத்தில் யாருக்கும் விளங்காது. துணி தைக்கிற படிப்பா என்று கேட்பார்கள். மிக்ஸியின் மூடி, பஸ்ஸின் கைப்பிடி, தண்ணீர்க் குடத்தின் வாய் என்று மனிதக் கை படுகிற ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த யாரோ ஒருவராக ஆவதற்கான படிப்பு. பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பட்டியலில் என் பெயர் வந்தபோது, விசைப்படகில் தொழிலுக்குப் போகிற என் அப்பா, அதைப் போனில் வைத்துக்கொண்டு துறைமுகம் முழுக்கக் காட்டினார்.

முதல் வருடம் வகுப்பில் ஒரு மாதிரியைக் காட்டிப் பேசும்போது, 'ஹேண்டில் இந்தாண்ட கீது' என்று வாயில் வந்துவிட்டது. அதன்பிறகு ஒரு மாதம், யார் எதைத் தேடினாலும் 'இந்தாண்ட கீது' என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் சிரிப்பார்கள். பதினெட்டுப் பேர். பெயர் கேட்டால் வரிசையாகச் சொல்வேன். நான் கோபப்படவில்லை. புத்தகத் தமிழில் பேசப் பழகிக்கொண்டேன். இப்போது உங்களிடம் பேசுகிறேனே, இதே தமிழ்தான். சிரிக்காதவன் ஒருவன்தான். ஒவைஸ். பழைய வண்ணாரப்பேட்டைக்காரன். உங்களுக்கு வீடியோவைக் கொண்டுவந்து கொடுத்தவன்.

இறுதி ஆண்டுத் திட்டத்துக்குக் காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினை எடுத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்திருக்கலாம். ஆள் உயர ஐஸ் பாரைக் கொக்கி போட்டு இழுத்துவந்து சாய்வான தகட்டில் ஏற்றுவார்கள். அது வழுக்கிக்கொண்டே போய், சுற்றுகிற இரும்புப் பற்களில் விழும். அடியில் தூளாகக் கொட்டும். அதை நிறுத்தும் பொத்தான் ஐந்தடி தள்ளி ஒரு தூணில் இருக்கும். மெஷினிடம் நிற்பவனுக்கு அது எட்டாது. இதை முதல் நாளே குறித்துக்கொண்டேன்.

எங்கள் தெரு எத்திராஜ் மாமா அங்கே ஒரு கொட்டகையில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். உறவு இல்லை, ஆனால் பிறந்ததிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுகிறேன். நான் நோட்டும் அளவு நாடாவுமாகப் போய் நின்றதும், ஒரு ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்காரச் சொன்னார். இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி விரல் விரலாக அளந்தேன்.

"இன்னா கண்ணு, ஜோசியம் பாக்குறியா?" என்றார்.

"எவ்வளவு தூரம் எட்டும் என்று பார்க்கிறேன் மாமா."

"பதினோரு வருசமா இந்த வாயிக்குத் தீனி போட்டுகினு கீறேன். என்னாண்ட ஒரு நகத்தக்கூட அது வாங்கினது இல்ல."

உண்மைதான். அவரே ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். பற்களுக்குச் சற்று முன்னால், தகட்டின் மேல் மூன்று கம்பிகளை வளைத்துப் பற்றவைத்திருந்தார். ஐஸ் கம்பிகளுக்கு அடியில் நுழைந்து போய்விடும். மேலிருந்து குனிகிறவன் கை கம்பியில் இடித்து நின்றுவிடும். ஐஸ் சிக்கிக்கொண்டால் தள்ளிவிட, உடைந்த துடுப்பில் செய்த ஒரு தள்ளுக்கட்டை. அவ்வளவுதான்.

நான் செய்தது வேறு. பற்களுக்கு முன்னால் தொங்குகிற ஒரு ரப்பர் மடல். ஐஸ் பட்டால் விலகி வழிவிடும். கையின் சூடு பட்டால் மோட்டாரை நிறுத்திவிடும். ஏழு மாத உழைப்பு. அதன் உள்வேலையைப் பார்த்துத் துறைத் தலைவர் தேவப்பிரியம் சாரே பாராட்டினார்.

ஏப்ரலில் திட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு நடுவர் வந்திருந்தார். நான் பேசி முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மெஷின்ல இதுவரைக்கும் எத்தனை ஆக்சிடென்ட்?"

"பதினோரு வருடமாக எதுவும் இல்லை சார்."

"ஏன் இல்ல?"

கம்பிகளின் படத்தைப் போட்டுக் காட்டினேன். மறைக்க எனக்குத் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார். "அப்போ டிசைன் ஏற்கெனவே முடிஞ்சுடுச்சேம்மா. மூணே கம்பில. டிகிரிய அந்த எத்திராஜுக்குத்தான் கொடுக்கணும்."

அதே பதினெட்டுப் பேர் சிரித்தார்கள். தேவப்பிரியம் சாரும் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு, "முதல்ல பிரச்சினைய நிரூபிம்மா. ஜூலைல திரும்ப வா," என்றார்.

பிரச்சினையை நிரூபி. வார்த்தை அவருடையது, என்னுடையது அல்ல. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கொட்டகைகளில் விரல் போனவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் போய்ப் படம் எடுத்திருக்கலாமே என்று பின்னால் ஒவைஸ் கேட்டான். எடுத்திருக்கலாம். ஆனால் நடுவர் அவர்கள் பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. எத்திராஜ் மாமாவின் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்.

ஏழாம் வகுப்போடு நின்ற மனிதர். ஒரு நாள் சும்மா இருந்தபோது, வெல்டிங் கடையில் கேட்டு வாங்கிய மூன்று துண்டுக் கம்பி. அதன் அருமை அவருக்கே தெரியாது. யாரும் அவரைத் தேர்வு எழுதச் சொல்லவில்லை, யாரும் அவர் பேச்சைப் பழித்துக் காட்டவில்லை. நான் கோபப்படவில்லை என்று சொன்னேன் அல்லவா. அந்தக் கம்பிகளைப் பார்க்கும்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற வரை காத்திருந்தேன். அந்த இரண்டு மாதம் படகுகள் கரையில் நிற்கும், ஐஸுக்கு வேலை இல்லை. ஜூன் நடுவில் தடை நீங்கும் நாள், அத்தனை படகுக்கும் ஒரே மத்தியானத்தில் ஐஸ் ஏற்றியாக வேண்டும். வருடத்திலேயே மிக அவசரமான நாள் அது. அதனால்தான் அந்த நாள்.

முந்தின நாள் மாமாவிடம் போய், கம்பி இல்லாமல் வேலை செய்வதைப் படம் எடுக்க வேண்டும், அப்போதுதான் என் மடலின் தேவை புரியும் என்றேன். அவர் யோசித்தார்.

"கம்பி இல்லாம பேஜாரு கண்ணு. நாளிக்கி வேல வேற தலைக்கு மேல கீது."

"நான் சுவிட்சிடமே நிற்கிறேன் மாமா. பொத்தானிலிருந்து கையை எடுக்க மாட்டேன். ஏதாவது என்றால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன்."

"நீ நிக்கிறியா? அப்ப இன்னா பயம். எடுத்துக்கோ."

கம்பிகளை நானே அறுத்தேன். கட்டிங் மெஷின் பிடிக்க முதல் செமஸ்டரிலேயே கற்றுக்கொடுத்திருந்தார்கள். தள்ளுக்கட்டையை அளவெடுக்க வேண்டும் என்று சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். மறுநாள் அவர் அதைக் கேட்டபோது, மறந்துவிட்டது என்றேன்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். கொட்டகை வாசலில் படகுக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பார் குறுக்காகத் திரும்பித் தகட்டில் சிக்கியது. மாமா முதலில் காலால் உதைத்துப் பார்த்தார். பிறகு கையால் தள்ளினார். ஐஸ் சட்டென்று விடுபட்டு உள்ளே போனது. அதோடு அவர் கையும் போனது. மெஷின் நின்றது. இடையில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். ஒளிக்க மாட்டேன்.

வலது கை, முழங்கைக்கு நான்கு விரற்கடை கீழே போய்விட்டது. அரசு ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"உன் படம் கெட்டுப்பூட்ச்சா கண்ணு?"

"இல்லை மாமா. நன்றாக வந்திருக்கிறது."

உண்மையைத்தான் சொன்னேன்.

ஜூலையில் மறுபடியும் அதே நடுவர். இந்த முறை பேச்சைக் குறைத்துக்கொண்டு படத்தைப் போட்டேன். ஒவைஸ்தான் வெட்டி ஒட்டிக் கொடுத்தான். நான் அவனிடம் கொடுக்கும் முன்பே நடுப்பகுதியைச் சுருக்கியிருந்தேன். பதினெட்டுப் பேரில் ஒருத்தி எழுந்து வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். நடுவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். அந்த ஆண்டின் சிறந்த திட்டம் என்னுடையது. இன்று ஆறு கொட்டகைகளில் என் மடல் தொங்குகிறது. எத்தனை கைகள் தப்பும் என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? நீங்களும் ஒரு கையைப் பற்றி மட்டுமே கேட்கிறீர்கள்.

ஆகஸ்டில் கண்காட்சி. மாமாவைக் கூட்டிவந்து மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று தேவப்பிரியம் சார் ஆசைப்பட்டார். சட்டையின் வலது கையை மடித்து ஊக்குப் போட்டுக்கொண்டு மாமா வந்தார். கூடவே அவர் மனைவி மங்கம்மா அத்தை. காசிமேட்டில் மீன் விற்கிறவர். கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுப்புடவையில் வந்திருந்தார். மெஷினுக்கு மேலே வைத்திருந்த பெரிய திரையில் விபத்துப் படம் முடிந்து முடிந்து மறுபடி ஓடும் என்று அத்தைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அத்தை முகத்தை மூடிக்கொள்ளவில்லை. அதே இடத்தில் நின்று ஐந்தாறு முறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"ஏண்டி, கையி மாட்டிகினவன் எத்தப் பாப்பான்? கையத்தான பாப்பான்? இவரு இன்னாத்துக்கு உன்னியே பாத்துகினு கீறாரு?"



"வுடு மங்கம்மா," என்றார் மாமா. "புள்ள பயந்துகினு நின்னுட்ச்சு. அது இன்னா பண்ணும்?"

"பயந்தவ கையி நடுங்காதா? படத்தப் பாருய்யா. துளி ஆடலியே!" அத்தையின் குரலுக்குக் கூடம் முழுக்கத் திரும்பியது. "உன் கையி ரெண்டும் நல்லாத்தான கீது? எங்கடி வெச்சிருந்த அத? சொல்லுடி, எங்க வெச்சிருந்த?"

காவலாளி வந்து அத்தையின் தோளைப் பிடித்தார். அத்தை அவர் கையைத் தட்டிவிட்டு, மாமாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். நடக்கும்போது மாமா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று இன்றுவரை என்னால் கணிக்க முடியவில்லை. தெரிந்துதான் 'வுடு' என்றாரோ என்று சில சமயம் தோன்றும். அப்படியென்றால் அது அவருடைய பெருந்தன்மை. நான் கேட்டு வாங்கியது அல்ல.

துறைக் கணினியில் என் பழைய சேமிப்பில் வெட்டாத படம் இருந்தது. அதை அழிக்காதது என் கவனக்குறைவு. ஒவைஸ் அன்று சாயங்காலமே தேடி எடுத்திருக்கிறான். மறுநாள் கேண்டீனில் என் எதிரே உட்கார்ந்து, சாப்பிடாமல், மெதுவாகக் கேட்டான்.

"ஒம்போது செகண்டு கீது மோகனா. கை மாட்டினதுலேர்ந்து மெஷின் நிக்கிற வரிக்கும். நீ எங்க இருந்த?"

"சுவிட்சை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்."

"ஓடினா படம் ஆடும்ல?"

இரண்டு பேரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், மேடம். படிக்காத அத்தைக்கும் படித்த ஒவைஸுக்கும் ஒரே இடத்தில் கண் போயிருக்கிறது. நல்ல பார்வையாளர்கள்.

சரி. அந்த ஒன்பது விநாடி.

நான் எங்கேயும் ஓடவில்லை. ஓட வேண்டிய தேவை இல்லை. மாமாவுக்குக் கொடுத்த வாக்கின்படி தூணிடம்தான் நின்றேன். ஒரு கையில் போன், இன்னொரு கையின் கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின் மேல். அவர் கை மாட்டியதும் கத்தவில்லை. நான் நிற்கிறேன் என்ற நம்பிக்கையில் என் பக்கம் திரும்பி, 'மோகனா' என்றார். சாதாரணமாக, டீ வாங்கிவரச் சொல்லிக் கூப்பிடுவதுபோல. அப்போது மணிக்கட்டு வரைகூடப் போயிருக்கவில்லை. விரல்கள்தான். அந்த நொடியில் நிறுத்தியிருந்தால் இரண்டு மூன்று விரலோடு முடிந்திருக்கும் என்று டாக்டரும் எழுதியிருக்கிறார். ஆனால் போன் திரையில் பார்த்தால், தொங்கிக்கொண்டிருந்த ஒரு சாக்கு அவர் தோளையும் கையையும் மறைத்தது. விரல்கள் சரியாகத் தெரியவில்லை. இரண்டு விரலுக்கு அந்த நடுவர் என்ன சொல்வார் என்றும் எனக்குத் தெரியும். போனை மெதுவாக இடது பக்கம் நகர்த்தினேன். அவர் இரண்டாம் முறை என் பெயரைச் சொன்னார். மூன்றாம் முறை சொன்னது பெயர் இல்லை. முகமும் கையும் ஒன்றாகப் போன் திரையின் சட்டத்துக்குள் வந்தன.

அப்புறம் அழுத்தினேன், மேடம். அழுத்தவே இல்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.