மூக்குக்கு ஒரு மிசின்

...அதான் சொல்றேன், தாடிக்கு இருக்கிறத காட்டாதீங்கம்மா. அதத் தூக்கி மூக்குல வச்சா மூக்கே மிஞ்சாது. எல்லா மிசினும் கெடைக்கும்னு கடைவாசல்ல எழுதிப் போட்டிருக்கீங்களேன்னுதான் உள்ள வந்தேன். மூக்கு முடி வெட்டுறது வேணும். எனக்கில்ல, எங்க வீட்டுக்காரருக்கு. நீங்க ஏன் என் மூக்கப் பாக்குறீங்க.

இது என்ன, பேனா மாதிரி இருக்கு? ஓ, இதேதானா. காதுக்கும் ஆகுமா? காது கெடக்கட்டும், அங்க முடி இருந்தாலும் இல்லன்னாலும் நான் சொல்றது ஏறப்போறதில்ல.

அவரு கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கிற வாத்தியாரும்மா. இருவத்திரெண்டு வருஷம். இந்த ஊர்ல பாதிப் பேருக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னு காட்டினவரு அவருதான். மரத்துல மோதப் போனாக்கூட, 'பதறாதீங்க, மரம் எங்கயும் போகாது, மெதுவாத் திருப்புங்க'ம்பாரு. அப்படிப்பட்ட மனுஷன இப்ப எங்க ஒக்கார வச்சிருக்காங்க தெரியுமா? ஆபீஸ்ல. ஃபாரத்துல போட்டோ ஒட்டுறாரும்மா, பசை தடவி. கார்ல ஏறிப் பத்து நாளாச்சு.

என்னன்னா... யாரோ ஒருத்தி டிரைவிங் ஸ்கூல் முதலாளிகிட்ட போய்ச் சொல்லிட்டாளாம். 'வாத்தியார் மூக்குல முடி எட்டிப் பாக்குது, ரோட்டப் பாக்க முடியல, கண்ணு அங்கயே போகுது'ன்னு. முதலாளியும் இவரக் கூப்பிட்டு, 'அத சரி பண்ணிட்டு வாங்க வாத்தியாரே, அதுவரைக்கும் ஆபீஸப் பாத்துக்கங்க'ன்னுட்டாரு.

வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு எறங்கல. கண்ணாடி முன்னாடி நின்னு மூக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தாரு. அப்புறம் என் தையல் கத்திரியத் தூக்கினாரு. துணி வெட்டுற கத்திரிம்மா அது, ஒரு முழம் இருக்கும். உள்ள கீறி ரத்தம். ரெண்டு பக்கமும் பஞ்ச அடைச்சுக்கிட்டு, வாயால மூச்சு விட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தவரு, மெதுவாக் கேக்குறாரு: 'இத வெளியாளு சொல்லியா எனக்குத் தெரியணும்? தெனம் பக்கத்துல இருக்கியே, நீயாவது சொல்லியிருக்கலாமே.'

எனக்கு அந்த... இருங்க, அந்தச் செவப்பு என்ன? கண்ணாடியோட வருதா? வேணாம், வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு.

என்ன கேட்டீங்க? அந்தப் பொம்பள யாருன்னா? அத ஏம்மா கேக்குறீங்க. ம்... கொஞ்சம் கிட்ட வாங்க. நான்தான்.

முறைக்காதீங்க. நானும் அங்கதான் ஓட்டக் கத்துக்கச் சேந்தேன். ஊருக்கெல்லாம் 'பதறாதீங்க' சொல்ற மனுஷன், என் கையில வண்டி ஒரு தடவ நின்னுபோனா, 'மிதின்னா காதுல விழலியா'ன்னு நடுரோட்டுல கத்துறாரு. மூணாம் நாளு நேரா முதலாளிகிட்ட போயி, வேற வாத்தியார் குடுங்கன்னேன். ஏன்னு கேட்டாரு. புருஷன் திட்டுறாருன்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு. வாயில வந்தது மூக்கு முடி. அதோட விட்டேனா? 'மத்த பொம்பளைங்களும் சொல்றாங்க, என் பேரு வெளிய வரக்கூடாது'ன்னு வேற சொல்லித் தொலச்சேன். முதலாளியும் சொன்ன சொல்லு தவறாத ஆளு, இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கல. தொறந்திருந்தா ஒரு சண்டையோட போயிருக்கும். இப்ப நானே சொல்லணும். தெனமும் சாயங்காலம் வெரல்ல பசையோட வந்து நிக்கிறாரு. பாத்தா வாய் வர மாட்டேங்குது.

அந்தக் கறுப்பு ஒண்ண ஓட விட்டுக் காட்டுங்க... அம்மாடி, என்ன இது, மிக்சி மாதிரி கத்துது. சத்தம் வராதது ஏதும் இருக்கா?

இருங்க, இருங்க. அந்தக் கறுப்ப எடுத்து உள்ள வைக்காதீங்க. இது மூக்குக்குள்ள ஓடுறப்ப தலையத் திருப்ப முடியாதுல்ல? திருப்பி ஒரு வார்த்த பேசவும் முடியாது. நம்ம சொல்றதும் பாதிதான் கேக்கும்.

இதையே குடுங்கம்மா. பேட்டரி மட்டும் ரெண்டு கூடுதலாப் போடுங்க. எனக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம்.