ஈரல் கெட்டதையும் எழுதிய விஜயராணி

மேடையில் அமர்ந்திருக்கும் விஜயராணியின் கணவர் ஆண்டனி அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, சுத்துக்கேணியிலிருந்து வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறவினர்களே, என் சக ஆசிரியர்களே, வணக்கம். நான் மணவாளன். மருந்தியல் துறைத் தலைவர். பதினான்கு ஆண்டுகள் விஜயராணியோடு வேலை பார்த்தவன்.

நல்லவர், உழைப்பாளி என்று எனக்கு முன் பேசியவர்கள் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். போன செவ்வாய்க்கிழமை, கல்லூரிக்கு வரும் பேருந்திலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். நாற்பத்தாறு வயது. சாகிற வயதா அது!

முனைவர் விஜயராணி தேடியது அல்சைமர் நோய்க்கு மருந்து. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் ஓரிடத்தைத் தடுக்க வேண்டும். நினைவுக்குத் தேவையான இன்னொரு வேதிப்பொருள் சிதையாமலும் காக்க வேண்டும். இரண்டையும் ஒரே மாத்திரை செய்ய வேண்டும். "பெரிய கம்பெனிக்காரர்களே செரட்டோனினைத் தொட்டுத் தோற்றுப்போனார்களே, விட்டுவிடேன் அம்மா" என்றேன். "அவுங்க மருந்து ஒரு எடத்துலதான் சார் வேல செஞ்சிது. நோவு ஒரு எடத்துலயா இருக்குது?" என்று கேட்டார்.

பாகூரில் பலராமன் என்ற கரும்பு விவசாயிக்கு இந்த நோய். மாதம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்வருவார் விஜயராணி. நானும் ஒருமுறை கூடப் போனேன். பலராமனின் மனைவி அமுதம் அம்மாள், அதோ, முன்வரிசையில் இருக்கிறார். "இன்னா ராணி, என்னியே யாருன்னு கேக்குறாரு. உன் மாத்திர எப்பதான் வரும்?" என்றார் அன்று. நானாக இருந்தால் சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். விஜயராணி சொன்னார்: "வருமான்னே தெரியலக்கா. செஞ்சிக்கினுதான் இருக்கேன்."

அவருடைய முதல் மருந்தைச் சாப்பிட்ட எலிகள், மறந்த வழியை மறுபடி கண்டுபிடித்தன. ஆய்வுக்கூடமே கைதட்டியது. ஆனால் அந்த எலிகளின் ஈரல் கெட்டிருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டுக் கட்டுரை அனுப்பச் சொன்னவர்கள் உண்டு. அதில் நானும் ஒருவன். ஆம், நானும்தான்! "எலி ஈரல மறச்சா, நாளிக்கி பலராமன் மாமா ஈரல்தான் சார் போவும்" என்றார். முழுவதையும் எழுதி அனுப்பினார்.

என்ன கிடைத்தது? பாராட்டா? ஆய்வு நிதி நின்றது. மூன்று முறை விண்ணப்பித்தார். மூன்று முறையும் "ஏற்கெனவே தோல்வியடைந்த முயற்சி" என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்கள். உண்மையைச் சொன்னவருக்கு இதுவா மரியாதை? நிதி கொடுக்கும் அந்தக் குழுவுக்குத் துறைத் தலைவன் நான் ஒரு கடிதமாவது எழுதினேனா? எழுதவில்லை. இன்று ரோஜா மாலை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறேன்.

அவர் ஓயவில்லை. ஈரலைக் கெடுக்காதபடி மூலக்கூறை மாற்றி, போன மாதம்தான் இரண்டாவது மருந்தைச் செய்து முடித்தார். இன்னும் ஓர் எலிக்குக்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. அது வேலை செய்யுமா, செய்யாதா? தெரியாமலே போய்விட்டாரே!

தோழர்களே, அதை நாங்கள் பார்த்துச் சொல்கிறோம். எலிகளிடம் சோதிக்க அனுமதி கையில் இருக்கிறது. நாளைக் காலை ஒன்பதரை மணிக்கு நானும் பேராசிரியர் மஞ்சுளாவும் சோதனையைத் தொடங்குகிறோம். பலித்தாலும் எழுதுவோம், பலிக்காவிட்டாலும் எழுதுவோம். அந்தக் கட்டுரையின் முதல் பெயர் முனைவர் விஜயராணி.