வழியை நான் பாத்துக்கறேன்

தம்பிக்கு ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சிரிப்போம். சின்ன வயதில் மாடிப்படியிலிருந்து ஓடி வந்தால் எதிர்வீட்டுச் சுவரில் போய் மோதித்தான் நிற்பான். நெற்றியில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நூறு மீட்டரில் மூன்று வருடம் தொடர்ந்து தேசிய சாம்பியன் அவன். அந்த ஓட்டத்தில் கோட்டைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது. கால்பந்து அப்படியில்லை. ஓடவும் வேண்டும், நிற்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். ஒன்பது வருடமாக எங்கள் கிளப்பில் வலது ஓரத்தில் சம்பளத்துக்கு ஆடுகிறவன் நான். அவனை அங்கே கூட்டிப்போனதே நான்தான். அதை யாரும் சொல்வதில்லை, பரவாயில்லை.

நாலே மாதத்தில் வலது ஓரம் அவனுடையதாகிவிட்டது. "கோவிச்சுக்காதப்பா. உன் தம்பி கால்ல மோட்டார் வெச்சிருக்கான். ஆட்டத்த மட்டும் நீ சொல்லிக் குடுத்துடு" என்றார் கோச். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சொல்லிக் கொடுத்தேன்.

தலைக்கு மேல் வரும் பந்தை ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்து எடுப்பதுதான் அவனுக்கு வரவில்லை. எதிரில் என்ன இருக்கிறதோ என்று பயம், வேகம் குறைந்துவிடும். "பந்த நீ பாரு, வழிய நான் பாத்துக்கறேன். நில்லுன்னா நின்னுடு, அவ்வளவுதான்" என்றேன். தினமும் காலையில் பின்னாலிருந்து நான் பந்தை உயரமாக அடிப்பேன். அவன் ஓடுவான். நில்லு என்பேன், நிற்பான்.

அன்றைக்கு மைதானத்தின் ஓரத்தில் இரும்பு ரோலர் நின்றிருந்தது. "தள்ளி வெச்சிடட்டுமா தம்பி?" என்று மைதானக்காரர் கேட்டார். "இருக்கட்டும்ணே, நாங்க அந்தப் பக்கம் போக மாட்டோம். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க" என்றேன். நல்ல மனிதர். ரோலரை அங்கே விட்டது அவர் தப்பு என்று இப்போது வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் உண்டு.

பந்தை அந்தப் பக்கம் அடித்தேன். அளவாகத்தான் அடித்தேன். அவன் வானத்தைப் பார்த்தபடியே ஓடினான். அவன் அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததில்லை, துளி பயம் கிடையாது. ரோலர் வரைக்கும் போக மூன்று நொடி ஆகியிருக்கும். மூன்று நொடி நிறைய நேரம், ஐயா. எலும்பு முறிந்த சத்தம் முதலில் கேட்டது, பந்து அதற்கப்புறம்தான் தரையில் விழுந்தது.

இடது கால் முட்டிக்குக் கீழே இப்போது இல்லை. "நீயாவது பாத்து ஓடுப்பா" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை வலது ஓரத்தில் நான் ஆடினேன். ஒரு கோலும் போட்டேன், அவனுக்காகத்தான்.

நான் இங்கே வந்தது வேறு விஷயத்துக்கு. ஆஸ்பத்திரியில் தம்பி உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், "அண்ணன் நில்லு நில்லுன்னு கத்துனாரு, நான்தான் கேக்காம ஓடிட்டேன்" என்று இருக்கிறதாம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொல்லியிருக்கிறான். தயவுசெய்து அதை அடித்துவிடுங்கள். நான் கத்தவில்லை. வாயைத் திறக்கவே இல்லை. பெரியவன் பேச்சைக் கேட்காதவன் என்று அவன் பெயரில் ஒரு காகிதம் இருக்கக் கூடாது. என் தம்பி ஒருநாளும் என் சொல்லைத் தட்டியதில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பான்.