வெள்ளைச் சீலைக்கு ஒரு வலைமுடிச்சு

றெஜினா: இஞ்சருங்கோ, கோயில் மண்டபத்தடிக்கோ போனனீங்கள்?

கிறகோரி: என்ரை பழைய வலையைத் தேடிப் போனனான். பாத்தா, அது அங்கை பொம்பிளையளின்ரை உடுப்புகளோடை தொங்குது.

றெஜினா: கிழிஞ்ச வலைதானே. கண்காட்சிக்கெண்டு மாதர் சங்கத்து ஜெசிதா கேட்டவள்...

கிறகோரி: இனி உடுப்பும் பிடிக்கலாம் உந்த வலையிலை.

றெஜினா: பகிடி விடாதேங்கோ. அதுகள் பலாத்காரம் நடந்த அண்டைக்குப் பொம்பிளையள் உடுத்திருந்த உடுப்புகள். "என்ன உடுத்துக்கொண்டு போனவள்" எண்டுதானே சனம் முதல் கேக்கிறது. வந்து பாக்கட்டும்.

கிறகோரி: பாத்தன். பள்ளிக்கூட யூனிபோம், மீன்சந்தைச் சட்டை... நடுவிலை ஒரு வெள்ளைச் சீலை.

றெஜினா: ம்... தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ.

கிறகோரி: "காலமைப் பூசைக்குப் போகேக்கை, மீன்வாடி ஒழுங்கையிலை" எண்டு கீழை எழுதிக் கிடக்கு.

றெஜினா: ஒண்டிலையும் பேர் இல்லை.

கிறகோரி: பேர் கேட்டனானே? யாகப்பு அம்மான்தான் கேட்டார். "அந்த நேரம் அவள் ஏன் தனியப் போனவள்" எண்டு.

றெஜினா: ...நீங்கள்?

கிறகோரி: "அவள் பூசைக்குப் போனவள். அவன் ஏன் அங்கை நிண்டவன்?" எண்டன். மனிசனுக்குக் கோவம். சீலையை இழுத்து அவிட்டுப்போட்டார்.

றெஜினா: ஐயோ... இப்ப எங்கை அது?

கிறகோரி: திருப்பிக் கட்டிப்போட்டன், இன்னும் உயரத்திலை. வலைமுடிச்சு. இனிக் கத்தி கொண்டுவந்தாத்தான் எடுக்கலாம்.

றெஜினா: உங்களுக்குப் பெரிய புண்ணியம்...

கிறகோரி: முந்திக் கட்டினதும் ஒரு கட்டே? தொட்ட உடனை அவிழுது. ஆர் கட்டினது?

றெஜினா: ஜெசிதாவாக்கும். அவளுக்கு எங்கை வலைவேலை தெரியும்...

கிறகோரி: ம்... நாளைக்குப் பூசைக்கு எந்தப் பக்கத்தாலை போவம்?

றெஜினா: ஏன், எப்பவும் போற மாதிரித்தான். கடற்கரை றோட்டாலை.

கிறகோரி: ஒழுங்கையாலை போனா கோயில் கிட்ட. கலியாணம் முடிச்ச நாள் தொட்டு உன்னோடை சுத்தித்தான் வாறன். ஒருநாளாவது ஏனெண்டு கேட்டனானே?

றெஜினா: ...இல்லை.

கிறகோரி: இப்பவும் கேக்கேல்லை. குடி, உன்ரை தேத்தண்ணியும் ஆறுது.

றெஜினா: ஜெசிதா கட்டேல்லை. நான்தான் கட்டினனான்... ஆரும் காணமுன்னம் அவசரமாக் கட்டினதாலை முடிச்சு இறுகேல்லை. நீங்கள் இறுக்கிக் கட்டினது என்ரை சீலையைத்தான். நாளைக்கு ஒழுங்கையாலையே போவம்.